திறக்காத கூடுகள்

என் வீட்டுக்காரர் பள்ளிக்கூட வேன் ஓட்டிக்கொண்டிருந்தார். ஒரு நாள் காலை ஷூ லேஸ் கட்டக் குனிந்தவர் அப்படியே சாய்ந்துவிட்டார். நான் அடுப்படியில் இருந்தேன். விழுந்த சத்தம் கேட்டது. பால் பொங்கி வருகிற நேரம். அடுப்பை அணைத்துவிட்டுத்தான் போய்ப் பார்த்தேன். இதை நான் யாரிடமும் சொன்னதில்லை. உடனே ஓடியிருந்தாலும் ஒன்றும் ஆகியிருக்காது, விழும்போதே உயிர் போயிருக்கும் என்று டாக்டர் சொன்னார். இருந்தாலும் அணைத்தது அணைத்ததுதான்.

எனக்கு அழுகை வரவில்லை. அல்சூரில் எங்கள் சந்துப் பெண்கள் ஒவ்வொருவராக வந்து, "அழுதுடும்மா, உள்ள வெச்சுக்காத" என்று தோளைப் பிடித்து உலுக்கினார்கள். உள்ளே வைத்துக்கொள்ள ஏதாவது இருந்தால்தானே. பல் டாக்டர் ஊசி போட்ட பிறகு கன்னத்தைத் தொட்டால் யாருடைய கன்னமோ மாதிரி இருக்கும். எனக்கு உடம்பு முழுவதும் அப்படி இருந்தது. பதினாறாம் நாள் காரியம் முடிந்த மறுநாள் டிபன் டப்பாவை எடுத்துக்கொண்டு வேலைக்குக் கிளம்பிவிட்டேன். பி.யூ.சி. படிக்கும் என் மகள், "அதுக்குள்ளயாம்மா?" என்றாள். "வீட்ல உக்காந்து என்ன பண்ணச் சொல்ற?" என்றேன்.

நான் வேலை பார்ப்பது குளவி வளர்க்கும் இடத்தில். இதைச் சொன்னால் கேட்பவர்கள் ஓரடி தள்ளி நிற்பார்கள். ஆளைக் கொட்டுகிற குளவி இல்லை அது. எறும்பு அளவுகூட இருக்காது, கண்ணாடி போடாமல் எனக்கு இப்போது தெரிவதே இல்லை. தென்னை ஓலையைச் சுரண்டித் தின்கிற கருந்தலைப் புழுவைத் தேடிப்போய்க் கொல்லும். தோப்புக்காரர்கள் வாங்கிக்கொண்டு போய் மரத்தடியில் திறந்துவிடுவார்கள். பழைய மதராஸ் ரோட்டில் டின் ஃபேக்டரியைத் தாண்டி, பேப்பர் கோன் செய்யும் ஷெட்டுக்கும் லாரி பாடி கட்டும் ஷெட்டுக்கும் நடுவில் எங்கள் ஷெட். சின்னக் கம்பெனி. பூச்சிகளைப் பார்த்துக்கொள்வதற்கு என்று இருந்தது மூன்றே பேர். சார், நான், ஸ்ரீராம்புரத்திலிருந்து வரும் ஒருத்தி.

குளவிக்கு உயிருள்ள புழு வேண்டும். தென்னம்புழுவை அவ்வளவு வளர்க்க முடியாது. அதனால் கம்புத் தானியத்தை உடைத்து டப்பாக்களில் கொட்டி, அதில் அரிசி அந்து வளர்ப்போம். வீட்டில் பழைய அரிசியில் நூல் கட்டி, கட்டி கட்டியாகக் கிடக்குமே, அதே பூச்சி. வீட்டில் கண்டால் முகம் சுளித்து வெயிலில் கொட்டுவோம், இங்கே கண்ணும் கருத்துமாக வளர்ப்போம். புழு நன்றாகக் கொழுத்ததும் எடுத்துக் குளவியிடம் கொடுப்போம். லாந்தர் விளக்குக்குப் போடுகிற கண்ணாடிச் சிம்னிக்குள் குளவிகள் இருக்கும். இரண்டு வாயிலும் மெல்லிய துணி. அந்தத் துணிமேல் புழுக்களைப் பரப்பி, இன்னொரு துணியால் மூடி ரப்பர் பேண்ட் போட்டுவிடுவோம். பெண் குளவி துணிக்கு அடியிலிருந்தே கொட்டும்.

கொட்டின புழு சாகாது. கொஞ்ச நேரத்தில் நெளிவது நின்றுவிடும், அவ்வளவுதான். பிரஷ்ஷால் தொட்டால் அசையாது, ஆனால் அழுகாது, கறுக்காது, நாலைந்து நாள் கழித்தும் அப்போதுதான் பிடித்துவந்த புழு மாதிரியே இருக்கும். அதன்மேல் குளவி முட்டை வைக்கும். மறுநாளோ அதற்கடுத்த நாளோ குட்டிப் புழுக்கள் பொரித்து, வெளியே ஒட்டிக்கொண்டே உறிஞ்சும். மூன்று நாலு நாளில் பெரிய புழு வெறும் தோலாகிவிடும். குட்டிகள் பக்கத்திலேயே வெள்ளையாகக் கூடு கட்டி உள்ளே போய்விடும். கணக்காகப் பதினோராம் நாள் வாக்கில் கூட்டின் ஒரு முனையைக் கடித்துத் திறந்து புதுக் குளவி வரும். எங்கள் இடத்தைப் பார்க்க வருகிற காலேஜ் பிள்ளைகள் இதைக் கேட்டுவிட்டு மனிதர்களைப் பற்றி ஏதாவது தத்துவம் சொல்வார்கள். எனக்கு எரிச்சலாக வரும். தினமும் அந்தத் தோலைக் கூட்டி அள்ளுகிறவளுக்கு அதில் தத்துவம் ஒன்றும் தெரிவதில்லை.

குளவி ரூம் என்னுடையது, அந்து ரூம் அவளுடையது. அவள் என்னைவிட ஆறேழு வயது சின்னவள், என்னை அக்கா என்பாள். அந்துப்பூச்சியின் இறகுத் தூள் காற்றில் எப்போதும் மிதக்கும். ஐந்து வருஷம் அதைச் சுவாசித்து அவளுக்கு மூச்சிரைப்பு வந்துவிட்டது. முகத்தில் துணி கட்டிக்கொண்டுதான் வேலை செய்வாள், அப்படியும் மத்தியானம் ஆனால் இழுக்கும். இரண்டு பெண் குழந்தைகள். புருஷன் இருக்கிறான், பேச்சுக்கு. அடுத்த மாதம் அவளைப் பர்மனென்ட் ஆக்குவதாகச் சார் சொல்லியிருந்தார். பர்மனென்ட் ஆனால் ஈ.எஸ்.ஐ. கார்டு வரும், மூச்சுக்குப் பெரிய டாக்டரிடம் காட்டலாம். அந்தக் கார்டைப் பற்றி அவள் பேசாத நாளே கிடையாது. போட்டோகூட எடுத்து வைத்திருந்தாள்.

இரண்டு ரூமுக்கும் ஒரே ஒரு சட்டம். காலையில் முதலில் அந்து ரூம், அப்புறம்தான் குளவி ரூம். குளவி ரூமில் கால் வைத்துவிட்டால் அன்றைக்கு அந்து ரூம் பக்கம் போகவே கூடாது. வீட்டுக்குப் போய்க் குளித்துத் துணி மாற்றி மறுநாள்தான். அந்து ரூமுக்கு நீலக் கோட்டு, குளவி ரூமுக்கு வெள்ளைக் கோட்டு. தலையில், துணி மடிப்பில் ஒரே ஒரு பெண் குளவி ஒட்டிக்கொண்டு போனாலும் போதும், அந்து ரூமில் இருப்பதெல்லாம் அதற்குச் சாப்பாடு. அடுப்படிக்குள் செருப்போடு போகக்கூடாது என்பது எப்படியோ அப்படித்தான் எங்களுக்கு இது. யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை, கால் தானாக நிற்கும்.

நான் இல்லாத நாட்களில் இரண்டு ரூமையும் அவளே பார்த்துக்கொண்டாள். காலையில் அந்து, மத்தியானம் குளவி. ஒரு சிம்னியைக்கூடப் பட்டினி போடவில்லை, தேன் தொட்ட பஞ்சைத் தவறாமல் மாற்றியிருந்தாள். நான் திரும்பிய அன்று என்னைப் பார்த்து அவள் ஒன்றும் கேட்கவில்லை. வெள்ளைக் கோட்டை எடுத்துக் கையில் கொடுத்தாள். "துவச்சு வெச்சிருக்கேன்க்கா" என்றாள்.

அவள் கேட்கவில்லை, மற்றவர்கள் விடவில்லை. முதலில் ஆபீஸ் பெண் வந்தாள். பிறகு பேக்கிங் பெண்கள் இரண்டு பேர். பிறகு பக்கத்து ஷெட்டிலிருந்து, அதற்கு முன் என்னிடம் ஒரு வார்த்தை பேசாத அம்மா. எப்படி ஆச்சு, எத்தனை மணிக்கு, என்ன சாப்பிட்டிருந்தார், பிரஷர் இருந்ததா. நான் பதில் சொல்லிக்கொண்டே இருந்தேன். ஷூ லேஸ், ஷூ லேஸ் என்று நாலாவது தடவை சொல்லும்போது என் வாயை அடைத்துக்கொள்ள வேண்டும் போல் இருந்தது. வாசலில் மறுபடியும் செருப்புச் சத்தம் கேட்டது. நான் குளவி ரூமின் பின்கதவு வழியாக வெளியே வந்து, எதிரே இருந்த கதவைத் தள்ளி உள்ளே போய், கம்பு மூட்டைமேல் உட்கார்ந்துவிட்டேன்.

அது அந்து ரூம். வெளிச்சம் குறைவு, வெதுவெதுப்பு, வேலை இல்லாதவர் யாரும் வரமாட்டார்கள். கட்டி உடைப்பதற்காகப் பத்துப் பன்னிரண்டு டப்பாக்களின் மூடியைத் திறந்து வைத்திருந்தாள், ஆனால் அவள் இல்லை. வெள்ளைக் கோட்டோடு நான் அரை மணி நேரம் அங்கே உட்கார்ந்திருந்தேன். எதையும் நினைக்கவில்லை. அவரைக்கூட நினைக்கவில்லை. பிறகு எழுந்து வந்தேன். கதவருகே தொங்கும் நோட்டில் கையெழுத்துப் போடவில்லை. எங்கே உட்கார்ந்தேன் என்பதே எனக்கு மறுநாள் குளிக்கும்போதுதான் உறைத்தது. தலையில் ஊற்றின தண்ணீர் வடியும் வரைக்கும் சொம்பைப் பிடித்துக்கொண்டு நின்றேன். சொல்லிவிட வேண்டும் என்று நினைத்தேன். ஒன்றும் ஆகியிருக்காது என்றும் நினைத்தேன். அன்றும் சொல்லவில்லை, அடுத்த நாளும் சொல்லவில்லை.

அங்கே உட்கார்ந்ததிலிருந்து பத்தாம் நாள் காலை அவள் என்னைக் கூப்பிட்டாள். குளவி ரூமுக்குள் நான் இன்னும் போகவில்லை. "அக்கா, சீக்கிரம் வா." அவள் கையில் ஒரு டப்பா. மேலே வந்து கிடந்த புழுக்களை அவள் பிரஷ்ஷால் தள்ளினாள், தள்ளின இடத்திலேயே கிடந்தன. மூடியைத் திருப்பிக் காட்டினாள். உட்புறம் அரிசி ஒட்டினது போல் வரிசையாக வெள்ளைக் கூடுகள். ஓ, ஆகிவிட்டது என்று மட்டும் தோன்றியது.

ஒவ்வொரு டப்பாவாகத் திறந்தோம். சிலவற்றில் கூடு இல்லை, ஆனால் புழுக்கள் துவண்டு கிடந்தன. பெண் குளவி முட்டை வைப்பதைவிட அதிகமாகவே கொட்டும், தேவை இல்லாததையும் கொட்டிப் போட்டுவிட்டுப் போகும். நான் எல்லா மூடியையும் திருப்பிப் பார்த்தேன், அவளும் பார்த்தாள். எல்லாக் கூடும் மூடியே இருந்தது. முனை கடித்த காலிக் கூடு ஒன்றுகூட இல்லை. எங்கள் வேலை தெரிந்தவர்களுக்கு அது போதும். குளவி உள்ளே வந்து இன்னும் பதினோரு நாள் ஆகவில்லை என்று அர்த்தம். அதாவது அது வந்தது நான் வேலைக்குத் திரும்பி, அவள் குளவி ரூமுக்குப் போவதை நிறுத்தின பிறகு.

சார் வந்தார். மண்டியா பக்கத்துக்காரர், நிறையப் படித்தவர், கெட்டவர் என்று சொல்ல முடியாது. ஆனால் வருஷக்கணக்காக மூடியைத் திருப்பிப் பார்த்ததில்லை. இருக்கிற அந்து முழுவதையும் கொதிநீர் ஊற்றிக் கொன்று புதைக்க வேண்டும், புதிதாக வளர்த்து எடுக்க ஒன்றரை மாதம் ஆகும், அதுவரை குளவிக்குச் சாப்பாடு இல்லை, தோப்புக்காரர்களுக்கு என்ன பதில் சொல்வது என்று கத்தினார். பிறகு நோட்டைப் புரட்டினார். அதில் அவள் கையெழுத்து மட்டும்தான் இருந்தது.

"இவ்ளோ புழு ஒரே தலைமுறைல போகாது," என்றார். "ரெண்டு தலைமுறை. இருபது நாளுக்கு மேல ஆச்சு. அப்போ ரெண்டு ரூமும் பாத்தது யாரு? நீதானே?"

"சார், நான் தெனமும் அந்து ரூம் முடிச்சிட்டுதான் அங்க போனேன் சார். சத்தியமா."

"மத்தே, பின்ன குளவி எப்படி வந்தது? நடந்தா வந்தது?"

"ரெண்டு தலைமுறைன்னா காலிக் கூடு இருக்கணுமே சார். ஒண்ணுகூட காலி இல்ல." அவள் என் பக்கம் திரும்பினாள். "அக்காவையே கேளு சார். அக்காவும்தான் பாத்துச்சு."

சார் என்னைப் பார்த்தார். "ஹௌதா?" என்றார். அப்படியா என்று கேட்கிறார்.

"நான் சரியா பாக்கல சார்" என்றேன்.

மரத்துப்போயிருந்தேன், அதனால்தான் அப்படிச் சொன்னேன் என்று பல நாள் எனக்கு நானே சொல்லிப் பார்த்திருக்கிறேன். மரத்துப்போயிருந்தது உண்மை. ஆனால் நாக்கு மரத்துப்போகவில்லை. அன்று சாயங்காலம் மார்க்கெட்டில் கொத்தமல்லி வாடியிருக்கிறது என்று கடைக்காரரிடம் சண்டை போட்ட நாக்குதான் அது. இனிமேல் வீட்டில் சம்பாதிப்பது நான் ஒருத்தி என்ற எண்ணம் ஓடியது. மகளின் காலேஜ் ஓடியது. இவ்வளவும் சார் கேட்டதற்கும் நான் பதில் சொன்னதற்கும் நடுவில் ஓடியது. அப்படி வேகமாக ஓடுகிற மனசை மரத்த மனசு என்று சொல்லக் கூசுகிறது.

அவளைத் திங்கட்கிழமையிலிருந்து வரவேண்டாம் என்று சொல்லிவிட்டார். அவள் அழவில்லை, கத்தவில்லை. மூன்று தடவை இருமினாள். நீலக் கோட்டை மடித்து மூட்டைமேல் வைத்துவிட்டு, டிபன் டப்பாவை எடுத்துக்கொண்டு, "வரேன்க்கா" என்றாள். "சரி" என்றேன்.

மூன்று வாரம் போனது. பொழுது போனது என்று சொல்லலாம், வேறு ஒன்றும் ஆகவில்லை. புது அந்து வளர ஆரம்பித்தது. சாப்பாடு இல்லாமல் என் ரூமில் குளவிகள் சிம்னிக்குள்ளேயே ஒவ்வொன்றாகச் செத்தன. கொஞ்சத்தை மட்டும் குளிர்பெட்டியில் வைத்துக் காப்பாற்றினோம். ஹொசகோட்டையிலிருந்து ஒரு பெண் அவளுடைய இடத்துக்கு வந்தாள். முதல் நாளே நான் அவளுக்குச் சட்டத்தைச் சொல்லிக்கொடுக்க வேண்டியிருந்தது. முதலில் அந்து, அப்புறம் குளவி, மாற்றிப் போகவே கூடாது, போனால் என்ன ஆகும் தெரியுமா என்று விரலை ஆட்டிச் சொல்லிக்கொண்டிருந்தவள் பாதியில் நின்றுவிட்டேன். என் வாயை எனக்கே பிடிக்கவில்லை. நேராகச் சாரிடம் போனேன்.

நான்தான் போனேன், வெள்ளைக் கோட்டோடு, கூடெல்லாம் மூடித்தான் இருந்தது, பார்த்துவிட்டுத்தான் பொய் சொன்னேன் என்று நின்றபடியே சொன்னேன். திட்டுவார், போகச் சொல்வார் என்று பையைக்கூடக் கையோடு எடுத்துப் போயிருந்தேன். அவர் கம்ப்யூட்டரிலிருந்து கண்ணை எடுத்து என்னைப் பார்த்தார். பாவம் என்று நினைப்பது முகத்தில் தெரிந்தது.

"ஆய்த்து பிடிம்மா," என்றார். "முடிஞ்சது, விடும்மா. நீங்க அப்ப எந்த நிலைல இருந்தீங்க."

"அவள திரும்பக் கூப்புடுங்க சார்."

"புது ஆள் வந்தாச்சே. அவளுக்கு அந்த ரூம் ஆகவும் ஆகாது, மூச்சு பாருங்க எப்படி இழுக்குது. ஒரு வகைல அவளுக்கு நல்லதுதான்."

திட்டியிருந்தால் தேவலை. என் துக்கத்தை எடுத்து அவரே எனக்காகச் சாக்குச் சொல்லிவிட்டார். பையை ஆணியில் மாட்டிவிட்டு வேலையைப் பார்த்தேன்.

அந்த ஞாயிற்றுக்கிழமை மெட்ரோ ஏறி மெஜஸ்டிக்கில் மாறி ஸ்ரீராம்புரம் போனேன். வீடு கண்டுபிடிக்கக் கஷ்டமாக இல்லை, இருமல் சந்து முனைக்கே கேட்டது. வாசல் படியில் உட்கார்ந்து ஊதுவத்தி உருட்டிக்கொண்டிருந்தாள். பலகை, கை, முழங்கை வரைக்கும் கரித்தூள். வீட்டுக்கே கொண்டுவந்து கொடுத்து வாங்கிப்போகிறார்கள் என்றாள். அந்தின் தூள் போய்க் கரித்தூள் வந்திருந்தது. என்னைப் பார்த்ததும் எழுந்திருக்கப் போனாள், நான் வேண்டாம் என்று பக்கத்தில் உட்கார்ந்தேன். மகள் எப்படி இருக்கிறாள் என்று கேட்டாள். சொன்னேன். சின்னப் பெண்ணைக் கூப்பிட்டு எனக்குத் தண்ணீர் கொடுக்கச் சொன்னாள். குடித்தேன்.

பிறகு சொன்னேன். சாரிடம் சொன்ன மாதிரியே, ஒன்றையும் விடாமல். அவள் கை நிற்கவில்லை. குச்சியை எடுத்து மாவில் வைத்து உருட்டி, ஓரமாக அடுக்கினாள்.

"தெரியும்க்கா," என்றாள். "ஜல்லடை கழுவிட்டு வந்தேன் அன்னிக்கி. கதவு சந்துல பாத்தேன். மூட்ட மேல உக்காந்திருந்த. எழுப்ப மனசு வரல. நானும் உள்ள வராம வெளியவே நின்னுக்கினு இருந்தேன், வேற யாரும் வந்துடக் கூடாதுன்னு. நீ எழுந்ததும் ஒதுங்கிக்கினேன்."

"அப்ப ஏன் சார்கிட்ட சொல்லல?" என்றேன்.

"உன்ன மாட்டிவுடறதுக்கா? எனக்கு இன்னா பைத்தியமா?" முதல் தடவையாக நிமிர்ந்து என்னைப் பார்த்தாள். கோபம் இல்லை, அலுப்பு இருந்தது. "யாரு போனான்னு நீயும் சொல்ல வேணாம், நானும் சொல்லிருக்க மாட்டேன். கூடு காலியா இல்லன்னு மட்டும் சொல்லிருந்தா போதும்க்கா. நான் இல்லன்னு ஆயிருக்கும். அவ்ளோதான் கேட்டேன் உன்ன."

நான் தண்ணீர் குடித்த டம்ளரைப் பிடித்துக்கொண்டிருந்தேன். அவள் இன்னொரு குச்சியை எடுத்தாள்.

"சார் வேணாம்னு சொன்ன அன்னிக்கி, வெளிய வந்தும் ஒடனே போவல நானு. கேட்டாண்டயே நின்னேன். அக்கா யோசிச்சிட்டு ஓடியாரும், கூப்புடும்னு இருந்தேன். மூணு பஸ்ஸ வுட்டேன்."

அந்த நேரத்தில் நான் என்ன செய்துகொண்டிருந்தேன் என்று எனக்கு நன்றாக ஞாபகம் இருக்கிறது. குளவி ரூமில் சிம்னி கழுவிக்கொண்டிருந்தேன். தண்ணீர்த் தொட்டிக்கு மேலே ஜன்னல். அதிலிருந்து பார்த்தால் கேட் தெரியும், கேட்டில் நிற்பவரின் முகமும் தெரியும். பதினொரு சிம்னி கழுவினேன். ஒரு தடவைகூட நிமிரவில்லை.